கடவுளைத் தேட எங்கே தொடங்குவது: வானத்திலா, வாதத்திலா, உள்ளத்திலா?

கடவுளைத் தேட வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பயத்தினாலோ, ஏதாவது காரியம் ஆக வேண்டும் என்பதற்காகவோ வந்த எண்ணம் இல்லை அது. இத்தனை பெரிய அண்டம் ஏன் இருக்கிறது, இதற்குப் பின்னால் யாராவது இருக்கிறாரா, இருந்தால் என்னால் அவரை அறிய முடியுமா என்ற கேள்வி உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. எழுந்து போக மறுக்கிறது. சரி, அடுத்து என்ன செய்வது? நாளில் கிடைப்பது அரை மணி நேரம், மிஞ்சினால் ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் வானத்தைப் பார்ப்பதா, தத்துவம் படிப்பதா, கண்ணை மூடி உட்கார்வதா, வழிபடுவதா, எழுந்துபோய் யாருக்காவது உதவுவதா?

எல்லா ஆறும் கடலில்தான் கலக்கின்றன என்று பெரியவர்கள் சொல்வார்கள். கலக்கும் இடத்தைப் பற்றி எனக்குச் சண்டையில்லை. ஆனால் தொடங்கும் இடத்தில் இந்த வழிகள் ஒன்றல்ல. ஒவ்வொன்றும் நம்மிடம் வேறொன்றைக் கேட்கிறது, வேறொரு விதத்தில் ஏமாற்றவும் செய்கிறது. பல ஆண்டுகள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருந்தவன் நான். எதில் என்ன கிடைத்தது, எது எங்கே நின்றுபோனது என்பதை வரிசையாக யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஒரு முடிவு பிறந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த ஒப்பீட்டை எனக்குத் தெரிந்து மிக நேர்மையாகச் செய்தவர் இஸ்லாமிய அறிஞர் அல்-கஸாலி. 1091-இல் பாக்தாதின் நிஜாமியா கல்லூரியில் பேராசிரியர் ஆனவர். அந்தக் காலத்து இஸ்லாமிய உலகில் அதைவிடப் பெரிய கல்விப் பதவி அரிது. உண்மையைத் தேடுவோரை அவர் நான்கு கூட்டமாகப் பிரித்தார்: சமயக் கொள்கைக்காக வாதாடுபவர்கள், பிழையே செய்யாத ஒரு வழிகாட்டியிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடுபவர்கள், தத்துவவாதிகள், இறைவனை நேரடி அனுபவத்தில் தேடும் சூஃபிகள். ஒவ்வொரு கூட்டத்தின் கருத்துகளையும் உட்கார்ந்து படித்தார். கடைசிக் கூட்டத்துக்கு வந்தபோது படிப்பு ஓரிடத்தில் முட்டி நின்றது. அவர்கள் சொல்வதில் சாரமானது படித்துப் பெறக்கூடியது இல்லை, சுவைத்தால்தான் தெரியும் என்று கண்டார். ஆரோக்கியம் என்பதன் இலக்கணத்தை அறிவது வேறு, ஆரோக்கியமாக இருப்பது வேறு என்பது அவரே தந்த உதாரணம். பதவியை விடுவதா வேண்டாமா என்று மாதக்கணக்கில் தவித்தார். 1095-இல் ஒரு கட்டத்தில் பாடம் நடத்த வாய் திறந்தால் நாக்கு எழவில்லை, உணவும் இறங்கவில்லை. மருத்துவர்கள் கைவிரித்தார்கள். அந்த ஆண்டே, குடும்பத்துக்கு வேண்டியது போக மீதிச் சொத்தைப் பங்கிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அறிவை அவர் தூக்கி எறியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது எதுவரை கொண்டுபோய் விடும் என்பதை அளந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடியை எடுத்து வைத்தார். நம் ஒப்பீட்டுக்கும் அந்த அளவுகோலே போதும் என்று நினைக்கிறேன்.

வானம்

நான் தொடங்கியது இங்கேதான். இருட்டான ஓர் இரவில் முதல் முறையாக ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தைப் பார்த்தேன். பஞ்சைக் கிள்ளி ஒட்டியது போல் ஒரு மங்கல், அவ்வளவுதான். அதன் தொலைவு சுமார் 25 லட்சம் ஒளியாண்டுகள். சூரியனிடமிருந்து ஒளி நம்மை வந்தடைய 8 நிமிடங்களுக்குச் சற்று அதிகம் ஆகிறது. இந்த மங்கலான ஒளியோ 25 லட்சம் ஆண்டுகள் நடந்து என் கண்ணுக்குள் வந்து விழுந்தது. மனித இனம் தோன்றியே சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. அது புறப்பட்டபோது பார்ப்பதற்கு நம்மில் ஒருவரும் இல்லை. அன்று என்னையறியாமல் கைகூப்பினேன். யாரைப் பார்த்துக் கூப்பினேன் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது.

வானம் தருவது இந்தப் பிரமிப்பைத்தான். அதை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். மனத்தில் நாம் கட்டி வைத்திருக்கும் சின்னக் கடவுளை, நம் சண்டைகளில் நம் பக்கம் நிற்கும் கடவுளை, அது ஒரே இரவில் உடைத்துவிடும். மாணிக்கவாசகர் திருவாசகத்தின் திருவண்டப்பகுதியில் அண்டங்களைக் கோடிக்கணக்கில் அடுக்கிக் காட்டிவிட்டு, வீட்டுக்குள் நுழையும் வெயில் கற்றையில் மிதக்கும் தூசிகளைப் போல அவை அத்தனையும் சிறியவை, இறைவன் அவ்வளவு பெரியவன் என்கிறார். தொலைநோக்கி கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஒரு மனிதர் வானத்தைப் பார்த்துத் தன் கடவுளின் அளவைத் திருத்திக்கொண்டிருக்கிறார்.

ஆனால் ஒரே வானம் எல்லோருக்கும் ஒரே செய்தியைச் சொல்வதில்லை. முடிவற்ற அந்த வெளிகளின் மௌனம் தன்னை அச்சுறுத்துகிறது என்று எழுதி வைத்தார் பிரெஞ்சுக் கணித மேதை பாஸ்கல். ஐன்ஸ்டைனிடம் 1929-இல் கடவுளை நம்புகிறீர்களா என்று கேட்டபோது, இருப்பவற்றின் ஒழுங்கில் தன்னை வெளிப்படுத்தும், தத்துவவாதி ஸ்பினோசா சொன்ன கடவுளை நம்புவதாகவும், மனிதர்களின் விதியிலும் செயல்களிலும் தலையிடும் கடவுளை நம்பவில்லை என்றும் பதில் சொன்னார். மாணிக்கவாசகருக்கு உருக்கம், பாஸ்கலுக்குப் பயம், ஐன்ஸ்டைனுக்கு ஒழுங்கு. மூவரும் நிமிர்ந்து பார்த்தது ஒரே வானத்தைத்தான். பார்க்கிறவர் எதைக் கொண்டுவருகிறாரோ அதை வானம் பெரிதாக்கித் திருப்பித் தருகிறது. அதனால்தான், தேடலுக்கு வானம் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் எனக்குத் தயக்கம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அறிவியலின் ஒவ்வொரு புதுக் கண்டுபிடிப்பையும் கடவுளுக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளும் ஆசை. அண்டம் விரிகிறது என்று 1927-இலும், ஓர் ஆதி அணுவிலிருந்து அது தொடங்கியிருக்கலாம் என்று 1931-இலும் முன்வைத்த ஜார்ஜ் லெமேத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் இந்தத் தொடக்கத்தைப் படைப்போடு இணைத்துப் பேசினார். லெமேத்ருக்கு அது உவப்பாக இல்லை. தன் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்கிறது என்பதே அவர் நிலை. கடவுளுக்காகத் தன் வாழ்க்கையையே கொடுத்த மனிதர், கடவுளைச் சமன்பாட்டின் மேல் சாய்த்து வைக்க மறுத்தார். அந்த மறுப்பில் இருக்கும் பக்தி எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கோட்பாடு நாளை மாறலாம். அதன் மேல் சாய்த்து வைத்த கடவுளும் கூடவே சரிவார்.

வாதம்

தர்க்கத்தின் வழியைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அதில் நான் அதிக நாள் தங்கவில்லை. அதன் பலம் தெரிய வேண்டுமானால் வானியலாளர் ஃபிரெட் ஹாயிலைப் பார்க்கலாம். விண்மீன்களுக்குள் கார்பன் உருவாக வேண்டுமென்றால் அதன் அணுக்கருவில் குறிப்பிட்ட ஓர் ஆற்றல் நிலை இருந்தாக வேண்டும் என்று அவர் 1953-இல் கணித்தார். சோதித்தபோது அது இருந்தது. அது இல்லாவிட்டால் நம் உடலைக் கட்டும் அளவுக்குக் கார்பன் இருந்திருக்காது. சமய நம்பிக்கை இல்லாத அவரே, ஏதோ ஒரு பேரறிவு இயற்பியல் விதிகளில் கைவைத்தது போல் தெரிகிறது என்று பின்னாளில் எழுதினார். எண்ணற்ற அண்டங்கள் இருந்தால் அவற்றில் ஒன்று இப்படி அமைவது ஆச்சரியமில்லை என்று எதிர்த்தரப்பு சொல்கிறது. இரண்டு பக்கமும் அறிவாளிகள் இருக்கிறார்கள், வாதம் இன்னும் முடியவில்லை.

முடிந்தாலும் என்ன கிடைக்கும்? ‘ஒருவர் இருக்கிறார்’ என்ற வாக்கியம் கிடைக்கும். தாகத்தோடு வந்தவருக்குத் தண்ணீர் இருக்கிறது என்ற நிரூபணத்தை எழுதிக் கொடுப்பது போலத்தான் அது. பாஸ்கல் இறந்த பிறகு அவருடைய மேலங்கியின் உள்துணியில் தைத்து வைத்த ஒரு தாளைக் கண்டெடுத்தார்கள். 1654 நவம்பர் 23 இரவு தனக்கு நேர்ந்ததை அதில் குறித்திருந்தார். ‘நெருப்பு’ என்று ஒரு சொல். அப்புறம், தத்துவவாதிகளின் கடவுள் அல்ல, ஆபிரகாமின் கடவுள் என்று. எட்டு ஆண்டுகள் அந்தத் தாளைத் தன் உடம்போடு வைத்திருந்தார். இத்தனைக்கும் அவர் தர்க்கத்தில் யாருக்கும் சளைத்தவர் இல்லை.

அதனால் வாதம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மூடநம்பிக்கையையும் போலிகளையும் களைய அதைவிட நல்ல கருவி கிடையாது. வாசலைக் கூட்டி வைக்கும் துடைப்பம் அது. வாசல் சுத்தமான பிறகும் கூட்டிக்கொண்டே நின்றால் உள்ளே போகவே முடியாது.

உள்முகம்

1964-இல் அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் ஒரு வானொலி ஆண்டெனாவை வைத்து அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள். எந்தத் திசையில் திருப்பினாலும் ஒரு மெல்லிய இரைச்சல். கருவியின் கோளாறாக இருக்கும் என்று இணைப்புகளைச் சரிபார்த்தார்கள். உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களை விரட்டி, எச்சத்தைக் கழுவினார்கள். இரைச்சல் போகவில்லை. அது அண்டத்தின் குழந்தைப் பருவத்திலிருந்து, ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து வந்துகொண்டிருக்கும் ஒளியின் எச்சம். 1978-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் என்னைத் தடுத்து நிறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. அந்தக் கதிர்வீச்சு எப்போதும் எல்லார் மேலும் பட்டுக்கொண்டுதான் இருந்தது. பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் நிலையம் கிடைக்காதபோது தெரியும் வெள்ளைப் புள்ளிகளிலும் ஒரு சிறு பங்கு அதுதான். இருந்தும் யாருக்கும் தெரியவில்லை. தெரிய வேண்டுமானால் கருவியின் சொந்த இரைச்சலைக் குறைத்தாக வேண்டியிருந்தது. அவர்கள் மாதக்கணக்கில் செய்த வேலையே அதுதான்.

ஆன்மிகப் பார்வை என்று எல்லா மரபுகளும் சொல்வது இதற்கு மிக அருகில் இருக்கிறது என்று நினைக்கிறேன். விறகில் தீயைப் போல, பாலில் நெய்யைப் போல மறைந்து நிற்கிறான் என்று அப்பர் பாடினார். எங்கோ தொலைவில் இருப்பதைக் கொண்டுவரும் வேலை இல்லை இது. இங்கேயே இருப்பதைத் தெரியவிடாமல் செய்வதை விலக்கும் வேலை. மரத்தால் செய்த யானையைப் பற்றித் திருமூலர் சொல்வதும் இதைத்தான். யானையாகப் பார்த்தால் மரம் மறைகிறது, மரமாகப் பார்த்தால் யானை மறைகிறது. பொருளில் எதுவும் மாறவில்லை. மாறுவது பார்வை.

இன்னொரு காரணமும் எனக்கு உண்டு, அதுதான் என் முடிவுக்கு அடித்தளம். அண்டத்தில் உள்ள எல்லாவற்றையும் நான் வெளியிலிருந்துதான் அறிகிறேன். கல், மரம், விண்மீன், பக்கத்து மனிதர், எல்லாமே எனக்கு வெளித்தோற்றம்தான். இந்தப் பேரண்டத்தில் நான் உள்ளிருந்து அறியும் இடம் ஒன்றே ஒன்று. அது ‘நான் இருக்கிறேன்’ என்ற இந்த உணர்வு. கடவுள் எங்கும் நிறைந்தவர் என்றால் இங்கும் நிறைந்தவர். 25 லட்சம் ஒளியாண்டு தள்ளி இருப்பதில் தேடுகிறவன், தன்னிடம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் மாதிரியை ஏன் ஆராயாமல் விட வேண்டும்?

1896-இல் மதுரையில் 16 வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் திடீரென்று மரண பயம் வந்தது. அவன் கத்தவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. பிணம் போல் படுத்துக்கொண்டு, உடம்பு செத்தால் சாவது எது என்று பார்த்தான். சில நிமிடங்கள்தான். பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்த அவர், ‘நான் யார்’ என்று விசாரிக்கும் அந்த வழியைத்தான் கேட்டவர்களுக்கு முதன்மையாகத் திரும்பத் திரும்பக் காட்டினார்.

நமக்குச் சில நிமிடங்களில் நடக்காது. நடக்கும் என்று எதிர்பார்த்து உட்கார்வதே பெரிய இரைச்சல். முதல் சில மாதங்கள் உட்கார்ந்தால் வருவது கடவுள் இல்லை, நேற்றுப் பேசிய பேச்சு, நாளைய கவலை, பழைய அவமானம். எனக்கும் அப்படித்தான் வந்தது. எழுந்து ஓடிவிடலாம் என்று தோன்றும். ஓடாமல் இருந்தால், வருவதெல்லாம் வந்து போகிறது, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒன்று மட்டும் வரவும் இல்லை போகவும் இல்லை என்பது மெதுவாகத் தெரிகிறது. இதைக் கடவுள் என்று நான் அவசரப்பட்டுப் பெயரிட மாட்டேன். ஆனால் கடவுளைப் பற்றி முன்னோர் சொன்ன சொற்கள் முதன்முதலாக எனக்குப் பொருள்பட்டது அங்கேதான்.

இந்த வழியின் ஆபத்தையும் மறைக்கக் கூடாது. ஓர் இனிமையான மந்த நிலையைச் சமாதி என்று எண்ணிக்கொள்ளலாம். ஏதோ ஒளி தெரிந்தது, ஒலி கேட்டது என்று அதையே சேகரிக்கத் தொடங்கலாம். ‘நான் அடைந்துவிட்டேன்’ என்ற நினைப்பு முன்பிருந்த அகந்தையைவிடத் தடிப்பாக வளரலாம். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1902-இல் இத்தகைய அனுபவங்களுக்கு நான்கு அடையாளங்களைத் தொகுத்தார்: சொல்லில் அடங்காமை, ஏதோ ஒன்றை அறிந்துகொண்ட உறுதி, நீடிக்காமை, தன் கைமீறி நிகழ்தல். இரண்டாவதைத்தான் கவனமாகக் கையாள வேண்டும். உறுதியாகத் தோன்றுவது எல்லாம் உண்மையாகிவிடாது. அனுபவத்தின் மதிப்பை அது வாழ்க்கையில் தரும் பலனைக் கொண்டு பார்க்க வேண்டும் என்பதும் அவர் கருத்துதான். மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள், ஆழ்ந்த அதிர்ச்சியிலிருந்து இன்னும் மீளாதவர்கள், மருத்துவரிடமும் அனுபவமுள்ள ஒருவரிடமும் கேட்காமல் தனியாக நெடுநேரத் தியானத்தில் இறங்க வேண்டாம். இதை நான் சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை.

அன்பும் தொண்டும்

பக்தி வழி எடுத்த எடுப்பிலேயே கடவுளை ‘நீ’ என்று அழைக்கிறது. மற்ற வழிகளில் அவர் ஒரு கேள்வி. இதில் முன்னால் நிற்கும் ஒருவர். ஒரு மனிதரைப் பற்றி எத்தனை தகவல் சேர்த்தாலும் அவரை நேசிக்கும்போது தெரிவது தகவலில் அகப்படாது. அந்த வகை அறிதல் இது. எல்லோராலும் முடியும் என்பதும் இதன் பெருமை. படிப்பு வேண்டாம், தனி இடம் வேண்டாம். அழத் தெரிந்தால் போதும்.

ஆனால் உணர்ச்சியையே அளவுகோலாக வைத்துவிட்டால், உருக்கம் வராத நாளில் கடவுளே இல்லாமல் போய்விடுகிறார். அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-இல் நூலாக வந்தபோது பலர் அதிர்ந்தார்கள். பல பத்தாண்டுகள் கடவுளின் அருகாமையைத் தன்னால் உணரவே முடியவில்லை என்று தன் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு அவர் எழுதியிருந்தார். அவ்வளவு காலமும் காலையில் எழுந்து பிரார்த்தித்தார், சாகக் கிடப்பவர்களைத் தொட்டுத் துடைத்தார். இதை அவருடைய தோல்வி என்று சிலர் படித்தார்கள். என்னால் அப்படிப் படிக்க முடியவில்லை. எதுவும் திரும்பக் கிடைக்காதபோதும் கொடுத்துக்கொண்டே இருந்த அன்பு, கடவுளைத் தேடியது என்பதைவிடக் கடவுளின் குணத்துக்கே அருகில் இருக்கிறது.

தொண்டு மட்டும் போதுமா என்று கேட்பவர்கள் உண்டு. வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடிய வள்ளலார், உயிர்களிடம் காட்டும் இரக்கமே கடவுள் வழிபாடு என்றார்; 1867-இல் அவர் வடலூரில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. அவருக்கு இரக்கம் பார்வையிலிருந்தே பிறந்தது. பயிரின் வாட்டம் அவருக்கு உள்ளே கேட்டது. நமக்கு அந்தக் காது இன்னும் திறக்கவில்லை. திறக்காமல் செய்யும் தொண்டு சில ஆண்டுகளில் களைப்பாகவோ பெருமையாகவோ முடிவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மற்ற எல்லா வழிகளையும் உரைத்துப் பார்க்கும் கல் இதுதான். ஓராண்டு தியானம் செய்த பிறகு வீட்டிலிருப்பவர்களிடம் என் பேச்சு கொஞ்சமாவது மென்மையாகியிருக்கிறதா? என்னால் ஆதாயம் அடைய முடியாத ஒருவர் பேசும்போது கடைசி வரை காது கொடுக்கிறேனா? இல்லையென்றால், உள்ளே நான் கண்டது எதுவானாலும் அதை நம்பத் தேவையில்லை.

என் தேர்வு

நாளுக்கு அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால், அதை உள்முகத்துக்குக் கொடுங்கள் என்பேன். வானம் தரும் பிரமிப்பும் வாதம் தரும் தெளிவும் பார்க்கிறவரை அப்படியே விட்டுவிடுகின்றன. உள்முகம் பார்க்கிறவரையே மாற்றுகிறது. மாறியவருக்கு வானம் வேறு மாதிரி தெரிகிறது. எனக்கு அப்படி ஆனது. அதே ஆண்ட்ரோமெடா மங்கலைச் சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அது அங்கே நான் இங்கே என்ற இடைவெளி முன்பு போல் பெரிதாக இல்லை. பக்தி தானாக வந்து சேர்ந்தது. அதை நான் திட்டமிடவில்லை. குறைந்தது ஓராண்டாவது ஒரே வழியில் நிற்க வேண்டும் என்பது என் அனுபவம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு ஒவ்வொன்றின் வாசனை மட்டும்தான் கிடைத்தது.

எல்லோருக்கும் இதே சீட்டு எழுதித் தர மாட்டேன். சமயத்தின் பெயரால் காயப்பட்டவர்கள் கொஞ்ச காலம் வானத்தோடு இருக்கட்டும். அங்கே பூசாரியும் இல்லை, கட்டளையும் இல்லை. எதையும் கேள்வி கேட்டே பழகியவர்கள் வாதத்தில் தொடங்கி, கஸாலிக்கு நாக்கு எழாமல் போன அந்த இடம் வரும்வரை போகட்டும். நேர்மையாகப் போனால் அது வரும். நெருங்கியவரைப் பறிகொடுத்து, அந்தத் துக்கத்தில் கடவுளைக் கேட்பவர்களைக் கண்ணை மூடித் தனியாக உட்காரச் சொல்வது கொடுமை. அவர்களுக்கு ‘நீ’ என்று அழைக்க ஒருவர் வேண்டும், திட்டுவதற்காவது. அவர்கள் திட்டட்டும். பக்கத்தில் இருப்பவர் பதில் சொல்ல முயலாமல் கூடவே உட்கார்ந்திருக்கட்டும்.